இணைப்பு எங்கே அறுந்தது?

கணினி ஆர்வலர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்



ராஸ்பெர்ரி பை என்றால் என்னவென்று இந்த அரங்கில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் பழைய செய்தி ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். 2012 பிப்ரவரி 29 அன்று முதல் பலகை விற்பனைக்கு வந்தபோது அதில் வைஃபை கிடையாது. பள்ளிப் பிள்ளைகள் நிரல் எழுதிப் பழக மலிவாக ஒரு கணினி வேண்டும் என்று கேம்பிரிட்ஜில் எபன் அப்டனும் அவருடைய கூட்டாளிகளும் உருவாக்கியது அது. விலை 35 டாலர். வீட்டு டிவியில் மாட்டி, கீபோர்டைச் செருகி, மேசைமேல் வைத்துப் பயன்படுத்த வேண்டிய பொருள். நான்கு ஆண்டு கழித்து, 2016இல் அதே பிப்ரவரி 29 அன்று வந்த மூன்றாம் பதிப்பில்தான் வைஃபை பலகையிலேயே ஏறியது. 2017இல் ஜீரோ டபிள்யூ வந்து அதையே பத்து டாலருக்குக் கொடுத்தது.

அதோடு பை மேசையைவிட்டு இறங்கிவிட்டது. மொட்டைமாடித் தொட்டியின் தண்ணீர் மட்டத்தை அளக்கப் போனது, கேமராவோடு வாசல் சுவரில் ஏறியது, பரணில் ஹார்ட் டிஸ்க் பக்கத்தில் குடியிருந்தது. திரை இல்லை, கீபோர்டு இல்லை. அதை எட்டுவதற்கு இருக்கும் ஒரே வழி வைஃபை. அந்த வழி அடைபட்டால் கணினியே செத்துவிட்டது போலத்தான் நமக்குத் தெரியும். உள்ளே நிரல் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கலாம், அளவுகள் பதிவாகிக்கொண்டிருக்கலாம். வெளியில் இருப்பவனுக்கு எல்லாம் ஒன்றுதான்.

நான் பார்த்தவரை, ‘வைஃபை போச்சு’ என்று கொண்டுவரப்படும் பைகளில் வைஃபை சில்லு உண்மையிலேயே கெட்டிருப்பது மிக அரிது. சார்ஜர் கேபிள் மெலிந்ததாக இருக்கும். கரண்ட் போய் வந்ததில் ரூட்டர் வேறு சேனலுக்கு மாறியிருக்கும். பை நன்றாகவே இணைந்திருக்கும், முகவரிதான் மாறியிருக்கும். காரணம் எதுவானாலும் அறிகுறி ஒன்றே: லேப்டாப்பிலிருந்து கூப்பிட்டால் பதில் வருவதில்லை. ஆகவே, எங்கே அறுந்தது என்று தெரிந்துகொள்ளும் முன் எதையும் மாற்றக்கூடாது என்பதே என் கட்சி. சொல்வதற்கு எளிது; அந்த நேரத்தில் கை அடங்காது என்பதும் எனக்குத் தெரியும்.

கை முதலில் போவது பிளக்கிடம். பிடுங்கிச் செருகினால் இணைப்பு பெரும்பாலும் திரும்பிவிடும். வினையே அங்குதான். கெர்னல் தன் பாட்டுக்கு எழுதிவைக்கும் செய்திகள், அதாவது ‘டி-மெசேஜ்’ கட்டளையில் நாம் பார்ப்பவை, நினைவகத்தில் இருப்பவை. மின்சாரம் போன கணமே போய்விடும். மின்னழுத்தம் எப்போதாவது இறங்கியதா என்று பை தானாகக் குறித்து வைத்திருக்கும் கணக்கும் அழிந்து பூஜ்யமாகிவிடும். எஸ்டி கார்டு தேயக்கூடாது என்பதற்காக லாக் முழுவதையும் நினைவகத்திலேயே வைத்துக்கொள்ளும் அமைப்புகளும் உண்டு. காரணத்தைச் சொல்லக்கூடிய சாட்சிகளை எல்லாம் நம் கையாலேயே கலைத்துவிட்டு, ‘சரியாகிவிட்டது’ என்கிறோம். அடுத்த வாரம் மறுபடி அறுகிறது, மறுபடி பிடுங்குகிறோம்.

பிடுங்காமல் உள்ளே போக வழி இருக்கிறதா? ஈதர்நெட் துளை உள்ள பலகை என்றால் ஒரு நெட்வொர்க் கேபிளை ரூட்டரிலிருந்து இழுத்துச் செருகினால் போதும். ஜீரோ வகைகளில் அந்தத் துளை இல்லை. அங்கே மினி எச்.டி.எம்.ஐ. மாற்றியும் ஒரு கீபோர்டும் வேண்டும். அல்லது சீரியல் வழி: பலகையின் 8, 10ஆம் பின்களில் யு.எஸ்.பி.-சீரியல் கேபிளை மாட்டி லேப்டாப்பிலிருந்து பேசலாம். அந்தக் கேபிள் 3.3 வோல்ட் வகையாக இருக்கவேண்டும். 5 வோல்ட் வகையை மாட்டினால் பின்னோடு சேர்ந்து பலகையும் போய்விடக்கூடும். சீரியல் வழியை முன்கூட்டியே இயக்கி வைத்திருந்தால்தான் அது வேலை செய்யும். பரணில் ஏற்றப்போகும் பை ஒவ்வொன்றிலும், ஏற்றும் முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

பையைத் தொடுவதற்கு முன் ரூட்டரைக் கேளுங்கள். அதன் பக்கத்தைத் திறந்தால் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியல் இருக்கும். பையின் பெயர் அங்கே இருந்தால் ரேடியோ, கடவுச்சொல், முகவரி மூன்றும் நலம். நாம்தான் பழைய முகவரியில் தேடிக்கொண்டிருக்கிறோம். பாதி வழக்குகள் ரூட்டர் பக்கத்திலேயே முடிந்துவிடும் என்று சொன்னால் கொஞ்சம் மிகையாக இருக்கலாம், கொஞ்சம்தான். ‘ராஸ்பெர்ரிபை டாட் லோக்கல்’ என்ற பெயரை வைத்துக் கூப்பிடுகிறவர்களுக்கு ஒன்று: அந்தப் பெயரைச் சொல்லித் தருவது எம்.டி.என்.எஸ். என்ற தனி ஏற்பாடு. சில ரூட்டர்கள் அந்த வகைச் செய்திகளை ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்துவதில்லை. விருந்தினருக்கான வைஃபையில் பை ஏறியிருந்தால் கருவிகள் ஒன்றையொன்று பார்க்கவே முடியாதபடி ரூட்டர் தடுத்து வைத்திருக்கும். பை இணையத்தில் உலகம் முழுவதையும் எட்டும். பக்கத்து அறை லேப்டாப்பை எட்டாது.

உள்ளே போனபின் கேட்க வேண்டியவற்றைக் கீழிருந்து மேலாகக் கேட்கவேண்டும். ‘டபிள்யூலான்0’ என்ற இடைமுகம் இருக்கிறதா? இல்லையென்றால் டிரைவரோ ஃபர்ம்வேரோ ஏறவில்லை. கடவுச்சொல்லைப் பற்றி யோசிப்பது வீண். இருக்கிறது என்றால், தடுக்கப்பட்டிருக்கிறதா? தடை இல்லை என்றால், எந்த ரூட்டரோடாவது சேர்ந்திருக்கிறதா, சிக்னல் எவ்வளவு? சேர்ந்திருக்கிறது என்றால், முகவரி உண்டா? 169.254 என்று தொடங்கும் முகவரி தெரிந்தால் ரூட்டர் முகவரி கொடுக்கவில்லை, பை தானாக ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். சரியான முகவரி இருந்தால், ரூட்டரை பிங் செய்தால் பதில் வருகிறதா? பிறகு 8.8.8.8 போன்ற வெளி எண்ணுக்கு? கடைசியில் ஒரு தளத்தின் பெயருக்கு? எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால் அது டி.என்.எஸ். சிக்கல், வைஃபை மேல் பழி போடாதீர்கள். எந்தக் கேள்வியில் முதன்முதலாக ‘இல்லை’ வருகிறதோ அங்கே நிற்கவேண்டும். அதற்கு மேலே இருப்பவை தாமாகவே சரியாகும்.

இனி மின்சாரம். இதில் கொஞ்சம் நேரம் செலவிடப் போகிறேன்.

பைக்கு 5 வோல்ட் வேண்டும். மூன்றாம் பதிப்புக்கு 2.5 ஆம்பியர், நான்காவதற்கு 3 ஆம்பியர், ஐந்தாவதற்கு 5 ஆம்பியர் தரக்கூடிய அடாப்டரைப் பரிந்துரைக்கிறார்கள். அவர்களே விற்கும் அடாப்டர் 5.1 வோல்ட் தருகிறது. அந்த 0.1 எதற்கு? கேபிளில் தொலையப் போவதை ஈடுகட்ட. சந்தையில் சல்லிசாகக் கிடைக்கும் யு.எஸ்.பி. கேபிள்கள் பலவற்றில் மின் கம்பி 28 கேஜ் கனம்தான் இருக்கும். அந்தக் கனத்தில் ஒரு மீட்டர் செப்புக் கம்பியின் தடை ஏறத்தாழ 0.21 ஓம். மின்சாரம் போகவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். ஆக ஒரு மீட்டர் கேபிளுக்கு 0.42 ஓம். ஒரு ஆம்பியர் ஓடினால் கேபிளிலேயே 0.42 வோல்ட் போய்விடும். 5.1இல் கிளம்பியது பலகைக்கு வரும்போது 4.68. ஒன்றரை ஆம்பியர் ஓடினால் 4.47. பை எச்சரிக்கை தரும் எல்லை 4.63 வோல்ட். கணக்கு இவ்வளவுதான். சார்ஜரின் மேல் எத்தனை ஆம்பியர் என்று அச்சடித்திருந்தாலும் கேபிள் இந்தக் கணக்கிலிருந்து தப்பமுடியாது.

‘என்னுடையது 65 வாட் சார்ஜர், லேப்டாப்பே ஓடுகிறது’ என்று சொல்பவர்கள் உண்டு. அந்த 65 வாட் 20 வோல்ட்டில் கிடைப்பது. 5 வோல்ட்டில் அப்படிப்பட்ட சார்ஜர்கள் பொதுவாக 3 ஆம்பியரோடு நின்றுவிடும். வாட் கணக்கைப் பார்த்து ஏமாறவேண்டாம். பின்புறம் பொடி எழுத்தில் 5 வோல்ட்டுக்கு நேராக என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

இதற்கும் வைஃபைக்கும் என்ன சம்பந்தம்? பை சும்மா இருக்கும்போது குறைவாகத்தான் மின்சாரம் எடுக்கும். வேலை வரும்போது, குறிப்பாக கேமராப் படத்தைச் சுருக்கி வைஃபையில் அனுப்பும்போது, பிராசசரும் ரேடியோவும் ஒன்றாகக் கேட்கும். அந்தக் கணத்தில் மின்னழுத்தம் பள்ளத்தில் விழும். கணினி நிற்காமல் தப்பிவிடலாம். வைஃபை சில்லுக்குள் ஓடும் ஃபர்ம்வேர் தப்பாமல் போகலாம். அந்தச் சில்லு பிராசசரோடு எஸ்.டி.ஐ.ஓ. என்ற பாதையில் பேசுகிறது. ஒவ்வொரு தடவை இயங்கத் தொடங்கும்போதும் தன் ஃபர்ம்வேரை எஸ்டி கார்டிலிருந்து புதிதாக ஏற்றிக்கொள்கிறது. அது நடுவில் உறைந்துபோனால் லாக்கில் ‘பி.ஆர்.சி.எம்.எஃப்.மேக்’ என்ற டிரைவரின் பெயரோடு, ஃபர்ம்வேர் நின்றுவிட்டது என்ற பொருளில் ஒரு வரி விழும். அந்த நிலையிலும் முழுக் கணினியையும் ரீபூட் செய்யத் தேவையில்லை. அந்த டிரைவரை இறக்கி மறுபடி ஏற்றினால் ஃபர்ம்வேரும் புதிதாக ஏறும்.

மின்னழுத்தம் இறங்கியதைக் கையும் களவுமாகப் பிடிக்க ஒரு கட்டளை இருக்கிறது: ‘விசிஜென்கமாண்ட் கெட் த்ராட்டில்ட்’. வெறும் 0 வந்தால் குறையில்லை. 50005 என்று வந்தால், இந்த நொடியிலேயே மின்னழுத்தம் குறைவாக இருக்கிறது, அதனால் வேகமும் மட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. 50000 என்று வந்தால், இப்போது சரியாக இருக்கிறது, ஆனால் கணினி இயங்கத் தொடங்கியதிலிருந்து எப்போதோ இறங்கியிருக்கிறது. பிளக்கைப் பிடுங்காதீர்கள் என்று நான் கெஞ்சுவது இந்த ஐந்து இலக்கத்துக்காகத்தான். நள்ளிரவில் நடந்ததைக் காலையில் சொல்ல வேறு யாரும் இல்லை. சிவப்பு விளக்கு உள்ள பலகைகளில் அந்த விளக்கு மினுக்கினாலோ அணைந்தாலோ அதுவும் இதே செய்திதான்.

கோளாறு கேபிளில் என்று தெரிந்தால், குட்டையான, கனமான கேபிளை வாங்குங்கள். பையின் யு.எஸ்.பி. துளையிலிருந்து மின்சாரம் குடிக்கும் ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதற்குத் தனி அடாப்டர் கொடுங்கள். அவ்வளவுதான் வைத்தியம்.

அடுத்தது, மின்சாரமும் சிக்னலும் சரியாக இருந்தும் பை கூப்பிட்டால் ஏன் என்று கேட்காமல் இருப்பது. இதற்கு அடையாளம் ஒன்று உண்டு. பை தானாக வெளியே தகவல் அனுப்பும்போது ஒழுங்காகப் போகும். நாம் வெளியிலிருந்து அதைத் தேடினால் கிடைக்காது. சில நொடி விடாமல் தட்டினால் திடீரென்று பதில் வரும். அதன்பின் எல்லாம் வேகமாக நடக்கும். சும்மா விட்டால் மறுபடி காணாமல்போகும்.

இது வைஃபையின் மின்சேமிப்பு. ரூட்டர் ஏறத்தாழ 102 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை ‘நான் இருக்கிறேன்’ என்று ஒரு அறிவிப்பு விடுகிறது. மின்சேமிப்பில் இருக்கும் கருவி தன் ரேடியோவை அணைத்துவிட்டு அந்த அறிவிப்பு வரும் நேரத்துக்கு மட்டும் விழித்து, தனக்கு ஏதாவது காத்திருக்கிறதா என்று பார்க்கும். அதுவரை அந்தக் கருவிக்கு வந்த பொட்டலங்களை ரூட்டர் சேர்த்துவைக்கும். ‘இந்த முகவரி யாருடையது?’ என்று எல்லோரையும் பார்த்து லேப்டாப் கேட்கும் ஏ.ஆர்.பி. கேள்வியும் இப்படித்தான் காத்திருந்து, குறிப்பிட்ட சில அறிவிப்புகளுக்குப் பின் ஒரே தடவை ஒலிபரப்பாகும். அந்த நேரத்தில் கருவி விழிக்காமல் விட்டால் கேள்வி காற்றோடு போயிற்று. லேப்டாப் ‘அப்படி ஒரு முகவரியே இல்லை’ என்று முடிவு கட்டிவிடும். நிமிடத்துக்கு ஒரு தடவை அளவை அனுப்பும் பைகளில் இது வெளியே தெரிவதே இல்லை. யாராவது கூப்பிடுவார்களா என்று காத்திருக்கும் பைகளில்தான், சர்வராக இருப்பவற்றில்தான் தலைவலி.

சோதனை எளிது. பைக்கு உள்ளிருந்து ரூட்டரை விடாமல் பிங் செய்யவிட்டு, வெளியிலிருந்து கூப்பிட்டுப் பாருங்கள். பிங் ஓடும்வரை இணைப்பு நிலையாக இருந்து, நிறுத்தியதும் தடுமாறினால் குற்றவாளி இதுதான். ‘ஐ.டபிள்யூ.’ கட்டளையில் டபிள்யூலான்0இன் ‘பவர் சேவ்’ என்பதை அணைத்தால் உடனே மாற்றம் தெரியும். ரீபூட்டுக்குப் பின்னும் அது நிலைக்கவேண்டுமானால் நெட்வொர்க்மேனேஜரில் அந்த இணைப்பின் பவர்சேவ் மதிப்பை 2 என்று எழுதவேண்டும். அந்த 2 என்பது ‘அணை’. 3 என்பது ‘இயக்கு’. யார் இப்படி எண் கொடுத்தார்களோ, அவர்களிடம்தான் கேட்கவேண்டும். என்னைக் கேட்டால், சுவர் பிளக்கில் இருபத்து நாலு மணி நேரமும் கிடக்கும் கருவிக்கு இந்தச் சேமிப்பு தேவையே இல்லை. பேட்டரியில் ஓடும் போனுக்காக வகுத்த சிக்கனம் அது.

இப்போது சட்டத்துக்கு வருவோம். ஆம், வைஃபை அறுவதற்குச் சட்டமும் ஒரு காரணம். எந்த அலைவரிசையில் எவ்வளவு சக்தியோடு ஒலிபரப்பலாம் என்பதை ஒவ்வொரு நாடும் தனித்தனியாக வகுத்திருக்கிறது. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையை உரிமம் இல்லாமல் பயன்படுத்த 2005ஆம் ஆண்டு விதிகள் வழிவிட்டன. 5 கிகாஹெர்ட்ஸுக்கான விரிவான விலக்கு 2018இல் வந்தது. அதே 2018இல்தான் 5 கிகாஹெர்ட்ஸும் பிடிக்கக்கூடிய 3பி பிளஸ் பலகை வெளியானது. அதையொட்டி, எந்த நாடு என்று நாம் சொல்லும்வரை வைஃபையைப் பூட்டிவைக்கும் வழக்கம் வந்தது. ‘ஆர்.எஃப்.கில்’ தடுத்திருக்கிறது என்று திரையில் ஒரு வரி வரும். திரை இல்லாதவருக்கு அந்த வரியைப் பார்க்க வாய்ப்பில்லை. எஸ்டி கார்டைத் தயாரிக்கும்போதே இமேஜர் நிரலில் நாட்டைக் குறிப்பிடுவது ஒரு சம்பிரதாயம் என்று நினைத்துத் தாண்டிவிடாதீர்கள்.

தப்பான நாட்டைக் கொடுத்தால் விளைவு இன்னும் தந்திரமானது. யாரோ எழுதிய வழிகாட்டியைப் பார்த்து அமெரிக்கா என்று போட்டுவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்க ஏற்பாட்டில் 2.4 கிகாஹெர்ட்ஸில் 1 முதல் 11 வரைதான் சேனல்கள். நம் ஊர் ரூட்டருக்கு 13 வரை போகலாம். மாதக்கணக்கில் எந்தக் குறையும் தெரியாது. ஒருநாள் கரண்ட் போய் வரும். ரூட்டர் எழுந்ததும் எந்தச் சேனலில் நெரிசல் குறைவு என்று தானாகப் பார்த்து 13இல் போய் உட்காரும். வீட்டில் எல்லாப் போன்களும் இணையும். பைக்கு மட்டும் அந்த ரூட்டர் கண்ணிலேயே படாது. மறுநாள் ரூட்டரை அணைத்துப் போட்டால் சேனல் 6க்கு வரும், பை உயிர்பெறும். ‘ஈரப்பதத்தால் இருக்குமோ’ என்றுகூடப் பேசிக்கொள்வார்கள்.

5 கிகாஹெர்ட்ஸில் வேறு கதை. பல நாடுகளில் 52 முதல் 144 வரையிலான சேனல்களில் ரேடார்களுக்குத்தான் முன்னுரிமை. ரேடார் கேட்டால் ரூட்டர் இடத்தைக் காலி செய்யவேண்டும். அந்தப் பட்டையில் புதுச் சேனல் ஒன்றைப் பிடிக்கும் முன் குறைந்தது ஒரு நிமிடம் வாய்மூடிக் கேட்டிருக்கவேண்டும். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு இருப்பவர்கள் ரூட்டரை 36 முதல் 48க்குள் ஒரு சேனலில் நிறுத்திவைப்பது நல்லது. இன்னொன்று: மூன்றாம் பதிப்பின் முதல் பலகையும், ஜீரோ டபிள்யூவும், 2021இல் வந்த ஜீரோ 2 டபிள்யூவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே அறிந்தவை. புது ரூட்டர் வாங்கி 5 கிகாஹெர்ட்ஸை மட்டும் இயக்கி வைத்தால் இவற்றுக்கு அங்கே ரூட்டரே கிடையாது.

காற்றில் இருக்கும் இரைச்சலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். யு.எஸ்.பி. 3 கேபிளில் தகவல் ஓடும்போது அது 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இரைச்சலைக் கக்குகிறது என்று இன்டெல் நிறுவனமே 2012இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. நான்காம் பதிப்புப் பையில் நீல நிறத் துளையில் எஸ்.எஸ்.டி.யைச் செருகியதும் வைஃபை திணறினால் காரணத்தை வெளியே தேடவேண்டாம். நாதஸ்வரக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ரகசியம் கேட்க முயல்வது போன்ற நிலை அது. நல்ல உறையுள்ள கேபிளை வைத்து டிஸ்க்கை ஓரடி தள்ளி வையுங்கள், அல்லது 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள். அதே நான்காம் பதிப்பில், திரையை 2560க்கு 1440 என்ற அளவில் வைத்தால் வைஃபை அறுகிறது என்ற புகாரும் 2019 இறுதியில் பரவலாக எழுந்தது, எச்.டி.எம்.ஐ. வழியே ஓடும் அதிர்வெண்ணின் சாயல் வைஃபை பட்டையின் கீழ்முனையில் விழுந்ததால் வந்த வினை. அழகான அலுமினியப் பெட்டிக்குள் பையை அடைத்துவிட்டு சிக்னல் இல்லை என்பவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. ஜீரோ டபிள்யூவிலும் 3பி பிளஸ்ஸிலும் பலகையின் செப்புத் தகட்டிலேயே வெட்டியெடுத்த சிறு பள்ளம்தான் ஆண்டெனா. ப்ரோஆன்ட் என்ற சுவீடன் நிறுவனத்தின் வடிவமைப்பு அது. அதன்மேல் உலோகம் கிடந்தால் அது என்ன செய்யும்?

சிக்னலை டி.பி.எம். கணக்கில் பாருங்கள், போனில் தெரியும் கோடுகளை நம்பவேண்டாம். போன் ஆண்டெனா வேறு, பை ஆண்டெனா வேறு. பைக்கு உள்ளிருந்து பார்க்கும்போது மைனஸ் 50 என்றால் நல்ல நிலை, மைனஸ் 67 வரை கவலையில்லை, மைனஸ் 80 என்றால் நூலில் தொங்குகிறது. பத்துப் பத்தாகக் குறையும்போது சக்தி பத்தில் ஒரு பங்காகிறது. மைனஸ் 80 என்பது மைனஸ் 50இன் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இந்த நூலில் தொங்கும் நிலை ஒரு வேடிக்கையான முட்டுச்சந்தில் கொண்டுபோய் விடும். சேரும்போது ரூட்டரும் பையும் நான்கு செய்திகளைப் பரிமாறி, இருவருக்கும் ஒரே கடவுச்சொல் தெரியும் என்று உறுதிசெய்துகொள்கின்றன. சிக்னல் மோசமாக இருந்தால் அந்த நாலில் ஒன்று தொலைந்து காலக்கெடு முடிந்துவிடும். லாக்கில் காரண எண் 15 என்று விழும். பார்க்கிறவனுக்கு இது தப்பான கடவுச்சொல் போலவே தோன்றும். நெட்வொர்க்மேனேஜருக்கும் அப்படித்தான் தோன்றக்கூடும். அது உடனே புதிய கடவுச்சொல்லைக் கேட்கும். யாரிடம்? பரணில், திரை இல்லாத பையில், யாருமில்லாத இடத்தில் கேட்டுவிட்டு, பதில் வராததால் தானாக இணையும் முயற்சியைக் கைவிடலாம். சிக்னல் சரியான பிறகும் பை வெளியே வராததற்கு இது ஒரு காரணம். அந்த இணைப்பின் ‘ஆட்டோகனெக்ட் ரீட்ரைஸ்’ என்ற மதிப்பை 0 ஆக்கினால் முயற்சிகளுக்கு எண்ணிக்கை வரம்பு இருக்காது. ஆனால் பையை ஓரடி நகர்த்தி வைப்பதுதான் முதல் மருந்து. புது ரூட்டரில் டபிள்யூ.பி.ஏ.3 கலந்த பாதுகாப்பு இயங்கினால், சோதனைக்காக டபிள்யூ.பி.ஏ.2 மட்டும் என்று மாற்றிப் பாருங்கள். கைகுலுக்கல் சிக்கல்கள் சில அதோடு தீர்ந்துவிடும்.

நெட்வொர்க்மேனேஜர் என்று பலமுறை சொல்லிவிட்டேன். 2023 அக்டோபரில் புக்வார்ம் அடிப்படையிலான ராஸ்பெர்ரி பை ஓ.எஸ். வந்தபோதுதான் அது இயல்பான ஏற்பாடாக ஆனது. அதற்கு முன் ‘டி.எச்.சி.பி.சி.டி.’யும் ‘டபிள்யூ.பி.ஏ. சப்ளிகன்ட்’ கோப்பும் ஆண்டன. பத்தாண்டுக்கும் மேலாக எழுதிக் குவிந்த வழிகாட்டிகள் அந்தக் கோப்பைத் திருத்தச் சொல்லுகின்றன. எஸ்டி கார்டின் பூட் பகுதியில் அதைப் போட்டால் வைஃபை தானாக வரும் என்கின்றன. புக்வார்மில் அதைச் செய்தால் எந்தப் பிழைச் செய்தியும் வராது, எந்தப் பலனும் இருக்காது. கட்டளையைச் சரியாக அடித்தோமா என்று மூன்று முறை பார்ப்போம். கோப்பையே யாரும் படிக்கவில்லை என்று தோன்றாது. ஆகவே யாருடைய அறிவுரையைக் கேட்கும் முன்பும் உங்கள் பையில் எந்தப் பதிப்பு ஓடுகிறது, அந்த அறிவுரை எந்த ஆண்டுடையது என்று பாருங்கள். என் பேச்சுக்கும் இது பொருந்தும்; ஐந்து ஆண்டு கழித்து இந்தப் பிரசுரத்தைக் கையில் எடுப்பவர்கள் கட்டளைகளை விட்டுவிட்டுக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, பலரும் வைத்திருக்கும் அந்த ஸ்கிரிப்டைப் பற்றி. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பிங் செய், பதில் இல்லையென்றால் ரீபூட் செய் என்பது. நான் அதற்கு எதிரி இல்லை. ஆளில்லாத இடத்தில் இருக்கும் கருவிக்கு அப்படி ஒரு காவல் வேண்டும். ஆனால் பெரும்பாலும் அது 8.8.8.8ஐ பிங் செய்யும்படி எழுதப்பட்டிருக்கிறது. இணையம் தருபவரின் கேபிள் இரவில் எங்கோ அறுந்தால், வீட்டு வைஃபை முழு நலத்தோடு இருக்கும்போதே பை விடிய விடிய ரீபூட் ஆகிக்கொண்டிருக்கும். எழுதும் நேரத்தில் நின்று நின்று எஸ்டி கார்டும் கெட்டால், காலையில் ஒரு கோளாறு இரண்டாகியிருக்கும். பிங் செய்ய வேண்டியது ரூட்டரை. பதில் இல்லையென்றால் முதலில் எழுதவேண்டும்: நேரம், சிக்னல் அளவு, த்ராட்டில்ட் எண், கெர்னல் செய்திகளின் கடைசி ஐம்பது வரி. எஸ்டி கார்டில் எழுதியபின் இணைப்பை மட்டும் இறக்கி ஏற்றிப் பார்க்கவேண்டும். பலிக்காவிட்டால் டிரைவரை இறக்கி ஏற்றவேண்டும். ரீபூட் அதற்கும் பிறகுதான். எது பலித்தது என்பதையும் அதே கோப்பில் எழுதிவைத்தால், இரண்டு வாரத்தில் கோளாறு எந்தப் படியில் என்று அந்தக் கோப்பே சொல்லிவிடும்.

வைஃபையைப் பற்றி இவ்வளவு நேரம் பேசியவன் இதைச் சொல்வது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். நகராத பைக்கு, கேபிள் இழுக்க வழியிருந்தால் இழுத்துவிடுங்கள். நூறு மீட்டர் வரை ஈதர்நெட் தாங்கும். 3பி பிளஸ்ஸிலிருந்து தொடங்கி நான்காவது, ஐந்தாவது பதிப்புகளில், அதற்குரிய துணைப் பலகையைப் பொருத்தினால் மின்சாரத்தையும் அதே கேபிளில் அனுப்பலாம். சார்ஜர் கேபிளைப் பற்றி நான் போட்ட கணக்கு, சேனல் 13, மின்சேமிப்பு எல்லாம் அதோடு கழிந்தன. ஜீரோ வைத்திருப்பவர்களுக்கு இந்த வசதி இல்லை; அவர்கள் கேள்விகளோடு இருக்கட்டும், மற்றவர்கள் தேநீருக்குப் போகலாம்.